எத்தனையாவது என்று கேட்டால்

மகப்பேறு மருத்துவர் எழுதித் தரும் சீட்டில், பெயருக்கும் வயதுக்கும் கீழே ஒரு வரி இருக்கும். ஜி3 பி0 எல்0 ஏ2. பார்த்தால் கணக்குப் பாடத்துச் சூத்திரம் மாதிரி இருக்கும். பிரித்துப் படித்தால் ஒரு பெண்ணின் நான்கைந்து வருடங்கள் அதற்குள் இருக்கின்றன: கருவுற்றது இது மூன்றாம் முறை, பிரசவம் வரை போனது எதுவும் இல்லை, கையில் குழந்தை இல்லை, இரண்டு கலைந்திருக்கின்றன.

என் சித்தி மகள் அந்தச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தபடி, "மூன்று என்று எழுதியிருப்பது இந்த ஒரு தாளில்தான்" என்றாள். வீட்டில் எல்லாரும் அதை முதல் குழந்தை என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள். போன இரண்டையும் யாரும் மறந்துவிடவில்லை. நல்ல நாளும் அதுவுமாக எதற்கு அந்தப் பேச்சு என்று வாயை மூடிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

நாங்கள் உட்கார்ந்திருந்தது ஸ்கேன் எடுக்கும் இடத்தின் கூடத்தில். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கண்டறிவது சட்டப்படி குற்றம் என்ற பலகை சுவரில். அதன் கீழே வரிசையாக நாற்காலிகள். கையில் டோக்கன், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். பக்கத்து நாற்காலிப் பெண் பேச்சுக் கொடுத்தாள்.

"எத்தனையாவது?"

இவள் கொஞ்சம் தயங்கினாள். "மூன்றாவது. கையில் ஒன்றும் இல்லை."

"எனக்கு நான்காவது. எனக்கும் இல்லை."

பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. டோக்கன் முதலில் வந்தது அந்தப் பெண்ணுக்கு. உள்ளே போய்ச் சிரித்த முகத்தோடு வெளியே வந்தவள் வீட்டுக்குக் கிளம்பவில்லை. இவள் போய் வரும்வரை அதே நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கருவை இழந்த பெண்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்பதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் 'ஆறுதல்' என்ற சொல் முதலில் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆறுதல் சொல்ல ஊரே இருக்கிறது. இன்னும் வயது இருக்கிறதே என்பார்கள். நின்றிருந்தால் குறையோடு பிறந்திருக்கும், போனதே நல்லது என்பார்கள். உனக்காவது கரு தங்குகிறதே என்பார்கள். இத்தனை பேர் சொல்லியும் அந்தப் பெண்களுக்குக் கிடைக்காத ஒன்று, போனதையும் சேர்த்து எண்ணும் ஆள். அதைத்தான் ஒருவரிடமிருந்து ஒருவர் பெற்றுக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இது எங்கோ ஒருத்திக்கு நேர்வது என்றால் துணை கிடைக்காததில் வியப்பில்லை. ஆனால் 2021-இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்ட கட்டுரைத் தொடர், உறுதிசெய்யப்பட்ட கருத்தரிப்புகளில் சுமார் 15 சதவீதம் கலைந்துவிடுவதாகக் கணக்கிட்டது. உலகம் முழுவதும் ஆண்டுக்கு 2 கோடியே 30 லட்சம், நிமிடத்துக்கு 44. இது போக, 28 வாரம் ஆன பிறகு வயிற்றிலோ பிரசவத்தின்போதோ இறந்த குழந்தைகள் 2019-இல் ஏறத்தாழ 20 லட்சம் என்று ஐ.நா. அமைப்புகள் மதிப்பிட்டன. எண்ணிக்கையில் முதலிடம் இந்தியாவுக்குத்தான், சுமார் 3 லட்சத்து 40 ஆயிரம்.

இவ்வளவு பேர் இருந்தும் ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டுமே இப்படி ஆனதாக ஏன் நினைக்கிறாள்? ஒரு காரணம், நாம் எல்லாரும் நல்ல எண்ணத்தோடு கடைப்பிடிக்கும் வழக்கம். "மூன்று மாதம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்." கண் பட்டுவிடும் என்ற பயம் பாதி, ஒருவேளை தங்காவிட்டால் என்ற முன்யோசனை பாதி. பெரும்பாலான கருச்சிதைவுகள் நடப்பது அந்த மூன்று மாதத்துக்குள். இருந்ததே தெரியாதவர்களிடம் இல்லாமல் போனதை எப்படிச் சொல்வது? எனவே அலுவலகத்துக்கு வைரஸ் காய்ச்சல், பக்கத்து வீட்டுக்கு வயிற்றுக்கோளாறு. அந்தப் பக்கத்து வீட்டுக்காரியும் சில வருடங்களுக்கு முன் இதே வயிற்றுக்கோளாறைச் சொல்லியிருக்கலாம்.

மொழியும் கை கொடுப்பதில்லை. கலைந்தது என்றால் தானாகப் போனது. கலைத்தது என்றால் வேண்டுமென்றே செய்தது. இரண்டுக்கும் நடுவே ஓரெழுத்துதான் வேறுபாடு. அந்த ஓரெழுத்தையும் 'அபார்ஷன் ஆகிவிட்டது' என்ற பேச்சு வழக்கு தின்றுவிட்டது. மருத்துவப் பதிவுகளிலும் இரண்டுக்கும் அந்த ஒரே பழைய சொல்தான். சீட்டில் இருக்கும் 'ஏ' அதன் முதலெழுத்து. அந்தச் சீட்டைப் படித்துவிட்டு, "இரண்டு முறை ஏன் கலைத்தாய்?" என்று கேட்ட படித்த உறவினர் ஒருவர் எங்கள் குடும்பத்திலேயே உண்டு.

பழிக்கு ஆள் தேடினால் முதலில் அகப்படுவதும் அவள்தான். பப்பாளி சாப்பிட்டிருப்பாள், எள்ளுருண்டை சாப்பிட்டிருப்பாள், வண்டியில் பின்னால் உட்கார்ந்து போயிருப்பாள், குடத்தைத் தூக்கியிருப்பாள், கிரகணத்தன்று காய் நறுக்கியிருப்பாள். ஆரம்ப மாதங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம் குரோமோசோம் எண்ணிக்கையில் நேரும் பிழை. அது கரு உருவாகும் வேளையிலேயே நடந்து முடிந்துவிடுவது. அதற்குப் பிறகு அவள் மாடிப்படி ஏறினாளா இறங்கினாளா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. மருத்துவர் இதை ஒருமுறை சொல்வார். வெளியே இருபது பேர் காத்திருக்கும் அவசரத்தில் சொல்வார். அவள் தலையாட்டிவிட்டு வந்து, இரவில் அந்தப் பப்பாளித் துண்டையே நினைத்துக்கொண்டு படுத்திருப்பாள். "என் அக்கா ஒன்பது மாதமும் பப்பாளி சாப்பிட்டாள், இரட்டைப் பிள்ளை. நான் தொடவே இல்லை, எனக்கு மூன்றும் போனது" என்று ஒருத்தி சொல்லக் கேட்ட பிறகுதான் அந்தத் துண்டு தொண்டையை விட்டு இறங்குகிறது. மருத்துவர் சொன்ன அதே செய்திதான். ஆனால் சொல்பவளும் அதே பழியைச் சுமந்தவள்.

பின்மாதங்களில் இழப்பவர்களுக்கு நடப்பது பிரசவம். வலி எடுக்கிறது, குழந்தை பிறக்கிறது, அழுகைச் சத்தம் மட்டும் இல்லை. துணியில் சுற்றித் தகப்பனோ தாய்மாமனோ எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டு வருவார்கள். முகத்தைக் காட்ட வேண்டாம், பார்த்தால் மறக்கமாட்டாள் என்று பெரியவர்கள் தடுப்பார்கள். பல மருத்துவமனைகளில் அவளுக்குக் கிடைக்கும் கட்டில், பிள்ளை பெற்றவர்களின் கட்டில்களுக்கு நடுவேதான் இருக்கும். மூன்றாம் நாள் பால் சுரக்கும். உடம்புக்கு யாரும் சேதி சொல்லியிருக்கமாட்டார்கள்.

பால் வற்றுவதற்கு மல்லிகைச் சரத்தை மார்பில் வைத்துக் கட்டுவது நம் ஊர்ப் பக்கம் பழைய கைவைத்தியம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் அதை ஆய்வாகவே செய்துபார்த்து 1988-இல் வெளியிட்டார்கள். புரோமோகிரிப்டின் மாத்திரை ஒரு பக்கம், மல்லிகை மறுபக்கம். பால் சுரக்கவைக்கும் ஹார்மோனை இரத்தத்தில் கூடுதலாகக் குறைத்தது மாத்திரை. ஆனால் பால் கட்டி வலிப்பதைத் தணிப்பதில் பூ அதற்குச் சளைக்கவில்லை. ஆய்வின் முடிவை விட, அந்தப் பூவை வாங்கிவந்து கட்டிவிடும் கை யாருடையது என்பதில்தான் என் மனம் நிற்கிறது. சீட்டில் எழுதித் தருகிற மருந்தில்லை அது. பக்கத்துக் கட்டில்காரியின் அம்மா, வார்டு ஆயா, அல்லது தான் ஒருமுறை அப்படிக் கட்டிக்கொண்டு படுத்திருந்தவள். அவள்தான் ஆள் அனுப்பி நான்கு முழம் பூ வாங்கிவரச் சொல்கிறாள், திரையை இழுத்துவிடுகிறாள், கட்டிவிடுகிறாள். சங்கம், குழு என்றெல்லாம் பெயர் வைக்காத காலத்தில் துணை என்பது இந்த உருவத்தில்தான் இருந்தது.

பெயர் வைத்துச் செய்தவர்களில் பிரிட்டன் பெண்கள் முன்னோடிகள். அங்கும் இறந்து பிறந்த குழந்தையைத் தாயின் கண்ணில் காட்டாமல் எடுத்துப்போய்விடும் பழக்கம் வெகுகாலம் இருந்தது. எங்கே புதைத்தார்கள் என்றே தெரியாமல் முதுமை வரை வாழ்ந்த பெற்றோர் பலர். 1978-இல் அப்படி இழந்த பெற்றோர் சேர்ந்து 'சாண்ட்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கருச்சிதைவுக்கென்றே தனிச் சங்கம் 1982-இல் வந்தது. துக்கத்தைப் பேசிக்கொள்ளக் கூடியவர்கள், கூடக் கூட மருத்துவமனைகளின் நடைமுறையையும் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். இன்று அங்கே இறந்த குழந்தையோடு பெற்றோர் சில மணி நேரம் இருக்கலாம். பிஞ்சுக் கை, கால் தடத்தைத் தாளில் எடுத்துத் தருகிறார்கள். 24 வாரத்துக்கு முன் போன கருவுக்கு அந்நாட்டில் அரசுப் பதிவே கிடையாது. அதற்கும் ஒரு சான்றிதழ் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு, 2024 பிப்ரவரியில் இங்கிலாந்து அரசு விரும்புகிறவர்களுக்கு அதை வழங்கத் தொடங்கியது. அந்தத் தாளைக் காட்டி எந்தச் சலுகையும் வாங்க முடியாது. ஆனால் என் சித்தி மகள் மருத்துவரின் சீட்டை ஏன் கிழித்துப் போடாமல் மடித்து வைத்தாள் என்று தெரிந்தவர்களுக்கு அந்தத் தாளின் பயன் புரியும்.

துணை இருந்தால் கரு தங்குமா என்றும் சிலர் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நார்வேயின் ஓஸ்லோவில் மருத்துவத் தம்பதி ஒருவர், காரணம் தெரியாமல் திரும்பத் திரும்பக் கருச்சிதைவு ஆன பெண்களில் ஒரு பகுதியினரை மட்டும் அடிக்கடி வரவழைத்து, பேசி, பரிசோதித்து, தைரியம் சொல்லி அனுப்பினார்கள். 1984-இல் அவர்கள் வெளியிட்ட முடிவில், அப்படிக் கவனிக்கப்பட்டவர்களில் 86 சதவீதத்தினருக்குக் குழந்தை பிறந்தது; வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 33 சதவீதத்தினருக்கு. இந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடக் கூடாது. இரு பக்கமும் சேர்த்து அறுபது பேர் அளவிலான சிறு ஆய்வு. குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவர்களும் அல்லர். அன்பு காட்டினால் குரோமோசோம் திருந்திவிடாது. இருந்தாலும் அடுத்த கர்ப்பத்தில் ஒருத்தியைத் தனியே விட்டுவிடக் கூடாது என்ற எண்ணம் மருத்துவத்துக்குள் நுழைந்ததில் அந்த ஆய்வுக்குப் பங்குண்டு. மூன்று முறை போன பிறகுதான் காரணம் தேடுவோம் என்ற பழைய விதியை விட்டுவிட்டு, முதல் இழப்பிலிருந்தே கவனிக்க வேண்டும் என்று 2021 லான்செட் தொடர் கேட்டது.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு, சோதனைப் பட்டையில் மறுபடி இரண்டு கோடு விழுந்ததும் துக்கம் முடிந்துவிட்டது. உள்ளே இருப்பவளுக்கு வேறொன்று அப்போதுதான் தொடங்குகிறது. லண்டனிலும் பெல்ஜியத்திலும் உள்ள ஆராய்ச்சியாளர்கள், ஆரம்ப மாதங்களில் கருவை இழந்த 650 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2020-இல் எழுதினார்கள்: ஒரு மாதம் கழித்து 29 சதவீதத்தினருக்கும், ஒன்பது மாதம் கழித்தும் 18 சதவீதத்தினருக்கும் பேரதிர்ச்சிக்குப் பிறகு வரும் மன அழுத்தத்தின் அறிகுறிகள் இருந்தன. விபத்தில் தப்பியவர்களுக்கு வருமே, அந்த வகை. ஒன்பது மாதத்துக்குள் பலர் மறுபடி கருவுற்றிருப்பார்கள். அதாவது விபத்து நடந்த அதே சாலையில், அதே வளைவை நோக்கி, மறுபடியும் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

அந்த வளைவுக்கு ஒவ்வொருத்தியிடமும் ஒரு தேதி இருக்கிறது. என் சித்தி மகளுக்கு ஒன்பதாவது வாரம். முதலாவது அப்போதுதான் நின்றது. ரத்தம் கூடப் படவில்லை, துடிப்பு இல்லை என்று ஸ்கேனில்தான் தெரிந்தது. அதனால் இந்த முறை எட்டாவது வாரம் தொடங்கியதிலிருந்து அவளுக்கு உடம்பின் எந்தச் சேதியிலும் நம்பிக்கை இல்லை. கழிப்பறைக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். ஒரு நாள் காலை குமட்டல் வரவில்லை. மற்ற கர்ப்பிணிகள் 'அப்பாடா, மசக்கை விட்டது' என்று இட்லி சாப்பிடுவார்கள். இவள் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள். அம்மாவிடம் சொன்னால் அம்மா பயந்துவிடுவாள். கணவரிடம் சொன்னால் உடனே மருத்துவமனைக்கு வண்டியை எடுப்பார். அந்த நாற்காலிப் பெண்ணுக்குத்தான் செய்தி அனுப்பினாள். "எனக்கும் போன வியாழக்கிழமை வரவில்லை. வெள்ளிக்கிழமை சேர்த்து வந்தது" என்று பதில் வந்தது.

செவ்வாய்க்கிழமைதோறும் அவர்களுக்குள் ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. அவள் "இன்று?" என்று கேட்பாள். இவள் "எட்டு வாரம் நான்கு நாள்" என்று எழுதுவாள். அவ்வளவுதான். வாழ்த்து கிடையாது, பூ பொம்மை கிடையாது. மாதக் கணக்கில் பேசும் நம் வீடுகளில் 'மூன்று மாதம்' என்றால் மூன்று மாதம். நாள் கணக்கு இவர்களுக்கு மட்டும்தான்.

பதினோராவது வாரத்தில் அந்தப் பெண்ணுக்கு நான்காவதும் போனது.

இந்த மாதிரித் துணையில் யாரும் அதிகம் பேசாத பகுதி இது. குழந்தைக்குக் காத்திருப்பவர்கள், இழந்தவர்கள், இழந்தபின் மறுபடி உண்டாகியிருப்பவர்கள் எல்லாரும் ஒரே படகில் இருப்பதாக வெளியில் நினைப்பார்கள். ஒரே ஆறுதான், படகுகள் வேறு. ஒரு தடவைகூடக் கருவுறாதவளுக்கு, கலைந்தவளின் அழுகையில் பொறாமைப்பட ஏதோ இருக்கிறது. ஆறாவது வாரத்தில் இழந்தவள், எட்டாவது மாதத்தில் இழந்தவள் முன் வாய் திறக்கக் கூசுகிறாள். தனக்கு உண்டாகியிருக்கிறது என்று சொல்ல வேண்டியவள், நேற்றுவரை கூட அழுதவளிடம் எந்த முகத்தோடு சொல்வது என்று திணறுகிறாள். அரசமரத்தைச் சுற்றிவந்து அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்ற பழமொழியைச் சொல்லிச் சிரிப்பவர்கள், மாதாமாதம் வயிற்றைத் தொட்டுப் பார்த்து ஏமாந்தவர்களாக இருக்கமாட்டார்கள். அப்படி ஏமாந்தவளிடம் நல்ல செய்தி சொல்வதற்கு ஒரு நாகரிகம் தேவைப்படுகிறது. அதை இந்தப் பெண்கள் தாங்களாகவே உண்டாக்கியிருக்கிறார்கள். பத்துப் பேர் நடுவில் சொல்லக் கூடாது. முன்கூட்டித் தனியாகச் சொல்லிவிட வேண்டும். நேரில் சொல்வதைவிட எழுதி அனுப்புவது மேல், அவள் அழுதுவிட்டு நிதானமாகப் பதில் போடலாம். பதில் வரவில்லை என்றால் கோபித்துக்கொள்ளக் கூடாது. கேட்காமல் ஸ்கேன் படம் அனுப்பக் கூடாது.

வளைகாப்புக்கு இந்த நாகரிகம் தெரியாது. குழந்தை இல்லாதவளையும் இழந்தவளையும் வளையல் அடுக்க முன்னே அழைப்பதில்லை. அழைக்கவில்லை என்றும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சந்தனக் கிண்ணம் அவளைத் தாண்டிப் போகும், அவ்வளவுதான். இழந்தபின் உண்டாகியிருப்பவளோ தனக்கு வளைகாப்பே வேண்டாம் என்பாள். ஏழாம் மாதம் கை நிறைய அடுக்கிய வளையலை எட்டாம் மாதம் கழற்றி வைக்க நேர்ந்தவளின் பயம் நமக்குப் புரியாவிட்டால் போகிறது, வற்புறுத்தாமலாவது இருக்கலாம்.

இந்த மூன்று வகைப் பெண்களையும் ஒரே வரிசையில் நிறுத்தும் இடம் ஒன்று எனக்குத் தெரியும். தஞ்சை மாவட்டம் பாபநாசம் வட்டத்தில் வெட்டாற்றங்கரையில் இருக்கும் திருக்கருகாவூர். அங்கே அம்மனுக்குப் பெயரே கர்ப்பரட்சாம்பிகை. தலபுராணமும் ஓர் இழப்பில்தான் தொடங்குகிறது: நித்துருவ முனிவரின் மனைவி வேதிகை, பிச்சை கேட்டு வந்த முனிவரை அசதியில் கவனிக்கத் தவறி, அவர் சாபத்தால் கரு கலைகிறது, கலைந்த கருவை அம்மன் ஒரு குடத்தில் வைத்துக் காப்பாற்றிக் குழந்தையாக்கித் தருகிறாள். குழந்தை வேண்டுபவர்கள் சன்னதிப் படியை நெய்யால் மெழுகிக் கோலமிட்டு, பிரசாத நெய்யை வாங்கிப்போய் 48 நாள் சாப்பிடுகிறார்கள். உண்டாகியிருப்பவர்கள் விளக்கெண்ணெய் வாங்கி வயிற்றில் தடவிக்கொள்கிறார்கள். பிறந்த குழந்தையைத் தொட்டிலில் இட்டு வேண்டுதல் முடிப்பவர்களும் அதே கூட்டத்தில். எனக்குப் பெரிய பக்தி கிடையாது. ஆனால் நெய்க்காரிக்கு அடுத்து எண்ணெய்க்காரி, அவளுக்கு அடுத்துக் கைக்குழந்தைக்காரி என்று நகரும் அந்த வரிசையில் முன்பின் தெரியாதவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். "இதற்கு முன் எத்தனை?" என்பதுதான் அங்கே முதல் கேள்வி. கோயிலுக்கு வெளியே இதைக் கேட்டால் மரியாதைக் குறைவு.

துணையில் வரும் ஆபத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. தேதியைப் பகிர்ந்துகொள்பவர்கள் மாத்திரையையும் பகிர்ந்துகொள்ளத் தொடங்கிவிடுகிறார்கள். 'எனக்கு இந்த ஊசியில்தான் நின்றது' என்ற வாக்கியத்துக்கு இருக்கும் வலு எந்த ஆய்வுக்கும் கிடையாது. கர்ப்பம் நிலைக்க உதவும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனை எடுத்துக்கொள்வோம். பிரிட்டனில் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரத்தப்போக்கு ஏற்பட்ட 4,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் அதைச் சோதித்து 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தமாகப் பார்த்தால் உறுதியான பலன் இல்லை. ஏற்கெனவே மூன்று அல்லது அதற்கு மேல் இழந்து, இப்போதும் ரத்தம் படுபவர்களிடம் மட்டும் வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது: மருந்து எடுத்தவர்களில் 72 சதவீதம், எடுக்காதவர்களில் 57 சதவீதம் பேருக்குக் குழந்தை. ஆக, ஒருத்திக்கு அது மருந்து, இன்னொருத்திக்கு வெறும் செலவு. ரத்தத்தை எளிதில் உறையவைக்கும் பாஸ்போலிப்பிட் எதிர்ப்பணு உடம்பில் இருப்பவர்களுக்கு ஆஸ்பிரினும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியும் உண்மையாகவே உதவும். அதைப் பார்த்து அந்த எதிர்ப்பணு இல்லாதவள் ஹெப்பாரின் போட்டுக்கொள்வது விளையாட்டல்ல. வீட்டிலேயே துடிப்பைக் கேட்கும் டாப்ளர் கருவி இன்னொரு தொல்லை. தாயின் சொந்த நாடியைக் குழந்தையின் துடிப்பு என்று நினைத்து, அசைவு குறைந்த நாளில் மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிட அது வழி செய்கிறது. அசைவு குறைந்தால் கருவியும் வேண்டாம், தோழியும் வேண்டாம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

படுக்கை ஓய்வும் அப்படித்தான். கருச்சிதைவைத் தடுக்க அது உதவுகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2005-இலேயே எழுதிவிட்டது. நம் வீடுகளில் இன்னும் அதுதான் முதல் மருந்து. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு மூன்று மாதம் படுத்திருப்பவளுக்குப் பயத்தைத் தவிர வேறு வேலை இல்லை. அடுத்த கருவுக்கு ஆறு மாதம் பொறுக்க வேண்டும் என்பது இன்னொன்று. உலக சுகாதார நிறுவனம் 2005-இல் அப்படிச் சொன்னது உண்மைதான். 2010-இல் ஸ்காட்லாந்தில் 30,000-க்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளைப் பார்த்தபோது, ஆறு மாதத்துக்குள் உண்டானவர்களுக்கு இன்னொரு இழப்பு குறைவாகவே நேர்ந்திருந்தது. உடம்பு அனுமதித்தால் மனம் எப்போது தயார் என்பதை அவளே சொல்லட்டும்.

இவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டியதில் மிக உருப்படியானது சட்டம் என்பேன். 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, கருச்சிதைவு ஆன நாளிலிருந்து ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு தந்தது. மருத்துவச் சான்று கொடுத்தால் போதும். 26-ஆம் வாரம் வரையிலான இழப்பு இதில் அடங்கும். அதன் பிறகு இறந்து பிறந்தால், குழந்தை என்ற சொல்லில் இறந்து பிறந்ததும் அடங்கும் என்று அந்தச் சட்டமே சொன்னது. அது பிரசவமாகவே கணக்காகும். 2025 நவம்பரில் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்த, 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் ஆறு வார விடுப்பை வைத்துக்கொண்டிருக்கிறது. அறுபது வருடத்துக்கும் மேலாகச் சட்டத்தில் இருப்பதைத் தெரியாமல் எத்தனை பேர் 'வைரஸ் காய்ச்சல்' என்று நான்கு நாள் எழுதிக் கொடுத்துவிட்டு, ஐந்தாம் நாள் ரத்தப்போக்கோடு பஸ் ஏறியிருக்கிறார்கள். நியூசிலாந்து 2021-இல் மூன்று நாள் துக்க விடுப்பைக் கணவருக்கும் சேர்த்தே கொடுத்தது. நம் சட்டத்தில் கணவன் கண்ணிலேயே படவில்லை. வயல் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிற பெண்களும்தான்.

தூக்கம் போய், சாப்பாடு போய், உயிர்மேலேயே வெறுப்பு வந்துவிட்டால் தோழியின் தோள் போதாது. 'டெலி மனஸ்' என்ற அரசு மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் தமிழிலேயே கூப்பிட்டுப் பேசலாம். 2022 முதல் இயங்குகிறது.

நாற்காலிப் பெண்ணின் விஷயம் பாதியில் நிற்கிறது. அவளுக்குப் போன பிறகு வந்த செவ்வாய்க்கிழமை, என்ன எழுதுவது என்று தெரியாமல் என் சித்தி மகள் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இரவு ஒன்பதுக்கு மேல் அவளிடமிருந்தே வந்தது: "இன்று?" இவள் அழுதுகொண்டே "பன்னிரண்டு வாரம் நான்கு நாள்" என்று எழுதினாள். சற்றுப் பொறுத்து இன்னொன்று வந்தது. "என்னிடம் மறைக்காதே. படம் மட்டும் அனுப்பாதே."

அப்படியே நடந்தது. சில செவ்வாய்க்கிழமைகளில் கேள்வி வராது; மறு வாரம் வரும். முப்பத்தெட்டாவது வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது. நாற்காலிப் பெண்ணுக்கு இவள் தனியாக எழுதினாள், எடையையும் நேரத்தையும் மட்டும். மூன்றாம் நாள் யார் மூலமாகவோ ஒரு பை வந்தது. உள்ளே துவைத்து மடித்த பழைய பருத்திப் புடவை, தூளி கட்டுவதற்கு. அவள் வரவில்லை. அத்தைமார்கள், ஒரு எட்டு வந்து பார்த்தால் என்ன என்று முணுமுணுத்தார்கள். இவள் ஒன்றும் சொல்லாமல் அந்தப் புடவையில்தான் தூளி கட்டச் சொன்னாள்.

குழந்தைக்கு நாற்பது நாள் கடந்து ஒரு செவ்வாய்க்கிழமை, பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது.

"ஒரு படம் அனுப்பு."